தைராய்டுச் சுரப்பியும் இரத்தக் கொழுப்பும்

நாகர்கோவிலிலிருந்து வடக்கே, தடிக்காரன்கோணம் வழியாக மலையை நோக்கிப் போகும் பாதையில் கீரிப்பாறை இருக்கிறது. அங்கே ஊர் விழிக்குமுன் ரப்பர்த் தோட்டம் விழித்துக்கொள்ளும். பொழுது புலர்வதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் கத்தியுடன் பால்வெட்டுத் தொழிலாளர்கள் மரத்துக்கு மரம் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். மரத்தின் உள்ளழுத்தம் குளிர்ந்த அந்த வேளையில் மிகுதியாக இருக்கும். பால் நன்றாகச் சுரந்து சிரட்டையில் இறங்கும். வெயில் ஏறிவிட்டால் சுரப்பு குறைந்துவிடும். ஆகவே இத்தொழிலில் சுறுசுறுப்பு என்பது புகழ்ச்சிக்குரிய குணம் மட்டும் அன்று, அதுவே கூலி.

இத்தகைய தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் ஒருத்தியை நாம் மனத்தில் கற்பனை செய்துகொள்வோம். வயது நாற்பது இருக்கும். பல ஆண்டுகளாக மரம் வெட்டிப் பழகிய கை. ஆனால் ஓராண்டாக அவளால் முன்போல் நடக்க முடியவில்லை. எல்லோரும் வேர்த்து நிற்கும்போது அவளுக்கு மட்டும் குளிர்கிறது. மேனி வறண்டு செதில் எழுகிறது; தலைமயிர் கொட்டுகிறது; குரல் கரகரத்துவிட்டது; மலம் கட்டுகிறது; மாதவிலக்கு மிகையாகப் போகிறது; முகம் காலையில் ஊதியிருக்கிறது. உண்ணும் அளவு குறைந்தும் உடல் சிறிது கனத்திருக்கிறது. 'சோம்பல் பிடித்துவிட்டது' என்று வீட்டார் சொல்கிறார்கள். உடன் வேலை செய்வோரும் அதையே வேறு சொற்களில் சொல்கிறார்கள். நாளடைவில் அவளே அதை நம்பத் தொடங்கிவிடுகிறாள்.

ஒரு நாள் மருத்துவ முகாமில் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். கொலஸ்ட்ரால் 290 என்று வருகிறது. 200-க்குள் இருந்தால் நல்லது என்று சொல்லப்படும் பொருள் அது. உடனே அறிவுரைகள் குவிகின்றன. தேங்காயைக் குறை, எண்ணெய்ப் பலகாரத்தை விடு, இறைச்சியைத் தொடாதே என்கிறார்கள். நாஞ்சில் நாட்டில் தேங்காயை விடு என்பது மூச்சை விடு என்பதற்கு அடுத்தபடியான கட்டளை. ஆயினும் அவள் விட்டுப் பார்க்கிறாள். மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதித்தால் 280. அவள் மறைவாகத் தின்கிறாள் என்று ஒருவர் முடிவு கட்டுகிறார்.

குற்றம் அவள் வாயில் இல்லை, கழுத்தில் இருக்கிறது. அது எப்படி என்பதுதான் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலை அணைத்தாற்போல், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்த வடிவில் ஒரு சுரப்பி இருக்கிறது. ஏறத்தாழ 20 கிராம் எடை. 1656-இல் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் அதற்குத் தைராய்டு என்று பெயரிட்டார். கேடயம் போன்றது என்பது அச்சொல்லின் பொருள். உணவிலிருந்து இரத்தத்தில் வந்து சேரும் அயோடினை இச்சுரப்பி ஈர்த்து, அதைக்கொண்டு இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. நான்கு அயோடின் அணுக்களைக் கொண்டது தைராக்சின். இதைச் சுருக்கமாக டி4 என்பர். மூன்று அணுக்களைக் கொண்டது டி3. சுரப்பி மிகுதியாக வெளிவிடுவது டி4-ஐத்தான்; ஆனால் திசுக்களில் அதிலிருந்து ஓர் அயோடின் அணு கழற்றப்பட்டு டி3 ஆனபிறகே அது முழு வலிமையோடு வேலை செய்கிறது. உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் எரிதலின் வேகத்தை நிறுவுவது இந்த ஹார்மோனே.

மூளையின் அடிப்புறத்தில் பிட்யூட்டரி என்ற மற்றொரு சிறு சுரப்பி இருந்துகொண்டு தைராய்டைக் கண்காணிக்கிறது. தோட்டத்து மொழியில் சொன்னால் அது கங்காணி. வேலை ஒழுங்காக நடந்தால் கங்காணி தாழ்ந்த குரலில் பேசுவார். வேலை தளர்ந்தால் குரல் உயரும். பிட்யூட்டரியின் குரலுக்கு டி.எஸ்.எச். என்று பெயர். தைராய்டு சோர்ந்துபோனவரின் இரத்தத்தில் தைராக்சின் குறைந்திருக்கும், டி.எஸ்.எச். பன்மடங்கு உயர்ந்திருக்கும். இன்று மருத்துவர் முதலில் அளந்து பார்ப்பது இந்தக் குரலின் உயரத்தைத்தான். தைராய்டு சற்றே தளர்ந்த நிலையிலும், தைராக்சின் அளவு இன்னும் குறையாதபோதே, கங்காணியின் குரல் உயர்ந்துவிடும். ஆகவே நோயை முன்கூட்டியே அறிவிப்பது இதுதான்.

இனிக் கொலஸ்ட்ராலுக்கு வருவோம். அதைப் பலரும் ஒரு நஞ்சு என்றே எண்ணியிருக்கிறார்கள். உண்மை அதுவன்று. நம் உடலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவின் மேலுறையிலும் கொலஸ்ட்ரால் இருக்கிறது. ஆண்மை பெண்மை ஹார்மோன்களும், வெயில் படும்போது தோலில் உண்டாகும் வைட்டமின் டி-யும், உணவுக் கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களும் கொலஸ்ட்ராலோடு தொடர்புடைய மூலப்பொருள்களிலிருந்தே ஆகின்றன. அதில் பெரும்பகுதியை உடலே செய்துகொள்கிறது. கல்லீரல் அதில் முதன்மையானது. உண்ணும் உணவிலிருந்து நேராக வருவது சிறுபகுதியே. பித்தக் கற்களில் இருக்கும் அதை ஆராய்ந்த பிரெஞ்சு வேதியியலார் செவ்ரல், பித்தத்தின் திண்பொருள் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதற்குப் பெயர் வைத்தார்.

கொழுப்பு நீரில் கரையாது. இரத்தமோ பெரும்பாலும் நீர். ஆகவே கொழுப்பு தனியாகப் பயணம் செய்ய இயலாது. புரத உறை போர்த்த சிறு உருண்டைகளில் ஏறித்தான் செல்லவேண்டும். இவ்வுருண்டைகளுள் எல்.டி.எல். என்பது நம் கதைக்கு முக்கியமானது. கல்லீரலிலிருந்து புறப்பட்ட கொழுப்பு உருண்டைகள் திசுக்களுக்குச் சரக்கை இறக்கியபின் எஞ்சி நிற்பவை இவை, கொலஸ்ட்ரால் நிறைந்தவை. இவற்றை இரத்தத்திலிருந்து திரும்ப வாங்கி ஒழிப்பதும் பெரும்பாலும் கல்லீரலின் வேலையே. வாங்கப்படாமல் நெடுநாள் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் எல்.டி.எல்., நாளங்களின் உட்சுவரில் புகுந்து தங்குகிறது; நாளம் தடித்துக் குறுகுகிறது; இறுதியில் மாரடைப்பு.

கல்லீரல் எல்.டி.எல்.-ஐ எவ்வாறு வாங்குகிறது என்பதை 1970-களில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்ற இருவர் கண்டறிந்தார்கள். இளமையிலேயே மாரடைப்பு வரும் சில குடும்பங்களை ஆராய்ந்தபோது, உயிரணுவின் மேற்புறத்தில் எல்.டி.எல்.-ஐப் பற்றி உள்ளே இழுக்கும் புரதக் கைகள் இருப்பதும், அக்குடும்பத்தாரிடம் அவை குறைந்தோ பழுதாகியோ இருப்பதும் தெரியவந்தன. அவற்றை ஏற்பிகள் என்கிறோம். 1985-இல் அவ்விருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

இதைக் கீரிப்பாறையிலேயே ஓர் உவமையால் காணலாம். காலை வேலை முடிந்து தொழிலாளர்கள் பால் வாளிகளைச் சுமந்துகொண்டு நிறுத்து வாங்கும் கொட்டகைக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துத் தராசுகள் இருந்தால் வரிசை விரைவாக நகரும். பத்தில் ஏழு தராசுகளை எடுத்துவிட்டால்? வரிசை பாதைவரை நீளும். வாளிகள் வெயிலில் கிடந்து பால் உறையத் தொடங்கும். கொட்டகை கல்லீரல்; தராசுகள் எல்.டி.எல். ஏற்பிகள், பாதையில் நிற்கும் வாளிகள் இரத்தக் கொலஸ்ட்ரால். எத்தனை தராசுகள் வேலை செய்யவேண்டும் என்று ஆணையிடுவோருள் ஒருவர் தைராய்டு ஹார்மோன். டி3 கல்லீரல் அணுவின் உட்கருவுக்குள் சென்று, எல்.டி.எல். ஏற்பியைச் செய்யும் மரபணுவை முடுக்கிவிடுகிறது. டி3 குறைந்தால் ஏற்பிகள் குறைகின்றன; எல்.டி.எல். இரத்தத்தில் தேங்குகிறது.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்கலாம். தைராய்டு சோர்ந்தால் உடலின் எல்லா வேலைகளும் மெதுவாகும் என்றீர்கள்; அப்படியானால் கொலஸ்ட்ரால் உற்பத்தியும் குறையவேண்டும் அன்றோ? அது குறைந்தால் இரத்தத்திலும் குறைய வேண்டியதுதானே?

நல்ல கேள்வி. உற்பத்தியும் குறையத்தான் செய்கிறது. கொலஸ்ட்ராலைச் செய்யும் நொதியும் தைராய்டு ஹார்மோனின் தூண்டுதலை வேண்டி நிற்பதே. ஆனால் கணக்கில் முடிவு செய்வது வரவு மட்டும் அன்று. வரவுக்கும் செலவுக்கும் உள்ள வேறுபாடு. பால் கொண்டுவருவோர் சிலர் குறைந்தார்கள். தராசுகளோ அதைவிடப் பல குறைந்தன. ஆகவே வரிசை நீளவே செய்யும். தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோயில் இதன் மறுபுறத்தைக் காணலாம்: அங்கே உற்பத்தி பெருகியும் இரத்தக் கொலஸ்ட்ரால் தாழ்ந்திருக்கும்.

இன்னொரு வாயிலும் அடைபடுகிறது. கொலஸ்ட்ராலை உடல் எரித்து அழிக்க முடியாது; அதைப் பித்த அமிலமாக மாற்றிக் குடலுக்கு அனுப்புவதே முதன்மையான வெளியேற்றம். அம்மாற்றத்தைத் தொடங்கி வைக்கும் நொதிக்கும் தைராய்டு ஹார்மோனின் ஊக்கம் வேண்டும். அது தளர்ந்தால் கல்லீரலுக்குள் சரக்கு தேங்குகிறது; உள்ளே தேங்கிய கல்லீரல் வெளியிலிருந்து வாங்குவதை மேலும் குறைத்துக்கொள்கிறது. பின்னறையில் இடமில்லாத கடைக்காரர் முன்வாசலைச் சாத்துவதைப் போன்றது இது.

கொழுப்பின் மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிரைகிளிசரைடு என்ற கொழுப்பைச் சிதைக்கும் நொதியும் மந்தமாவதால் அதுவும் சிலருக்கு உயர்கிறது. நல்ல கொலஸ்ட்ரால் என்று வழங்கும் எச்.டி.எல். பெரும்பாலும் மாறாது, சிலருக்குச் சற்று உயர்வதும் உண்டு. அதைக் கண்டு மகிழ்வதற்கில்லை. உருண்டைகளுக்கிடையே நடக்கும் கொழுப்புப் பரிமாற்றம் தளர்ந்ததன் அடையாளமே அது.

இந்த நோயை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது. 1873-இல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர், நடுவயதுப் பெண்கள் சிலர் முகம் ஊதி, நாக்குத் தடித்து, அறிவும் அசைவும் மந்தமாகிவிடுவதை விவரித்தார். சில ஆண்டுகளுக்குப்பின் வில்லியம் ஆர்ட் என்பவர் அதற்கு மிக்ஸடீமா என்று பெயர் வைத்தார். ஊதியிருப்பது கொழுப்பாலன்று, தோலினடியில் நீரைப் பிடித்துவைக்கும் பசைபோன்ற ஒரு பொருள் சேர்வதாலேயே. இன்றும் இந்நோயாளிகளைக் கண்டு 'கொழுத்துவிட்டார்' என்று சொல்வோர் இதை நினைவிற்கொள்ளவேண்டும். சுவிட்சர்லாந்தின் கோக்கர் என்ற அறுவை மருத்துவர், கழுத்துக் கழலைக்காகத் தைராய்டை முழுவதும் அகற்றிய நோயாளிகள் பின்னர் இதே நிலையை அடைந்ததை 1883-இல் அறிவித்தார். நோய்க்கும் சுரப்பிக்கும் உள்ள உறவு அதனால் துலங்கியது. தம் அறுவையின் தீய விளைவைத் தாமே எடுத்துச் சொன்ன நேர்மை அவருடையது. 1909-இல் நோபெல் பரிசும் அவருக்கு வந்தது.

1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டைச் சாறாக்கி, இந்நோயால் தளர்ந்திருந்த 46 வயது அம்மையார் ஒருவருக்கு ஊசிவழி செலுத்தினார். அவர் தேறினார். பிறகு வாய்வழியாக அம்மருந்தை உட்கொண்டு மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919-இல்தான் மறைந்தார். அந்த ஓர் உயிரைக் காக்க 870-க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் வேண்டியிருந்தன என்று மர்ரே கணக்குச் சொன்னார். 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். 1927-இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினர். ஆடுகளுக்கு விடுதலை கிடைத்தது.

கொலஸ்ட்ராலோடு இணைந்த பகுதி இதற்குப் பின்னர் வருகிறது. டி.எஸ்.எச்.-ஐ அளக்கும் நுட்பம் 1960-களில்தான் கைகூடியது. அதற்கு முன்பு, 1930-களில், தைராய்டு சோர்ந்திருக்கிறதா என்று அறியச் சில மருத்துவர்கள் கொலஸ்ட்ராலையே ஒரு சோதனையாகப் பயன்படுத்தினார்கள். கொலஸ்ட்ரால் உயர்ந்திருந்தால் தைராய்டை ஐயுற்றனர். மருந்து கொடுத்தபின் கொலஸ்ட்ரால் இறங்கினால் மருந்து பற்றியது என்று தெளிந்தனர். இன்றோ நிலைமை தலைகீழ். கொலஸ்ட்ரால் உயர்ந்தவுடன் உணவைப் பற்றிப் பேசுகிறோம், தைராய்டை மறந்துவிடுகிறோம். பழைய மருத்துவர்களின் கருவிகள் குறைவு. நினைவு மட்டும் நன்றாக இருந்தது.

நாய்களைக்கொண்டு செய்த ஓர் ஆராய்ச்சியையும் சொல்லவேண்டும். 1913-இல் ரஷ்யாவில் அனிச்கோவ் என்பவர் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை ஊட்டி நாளத்தடிப்பை உண்டாக்கிக் காட்டினார். மற்றவர்கள் அதையே நாய்களிடம் முயன்றபோது ஒன்றும் நிகழவில்லை. எவ்வளவு ஊட்டினாலும் நாயின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் பெரிதும் ஏறவில்லை. 1946-இல் ஸ்டைனர், கெண்டல் என்ற இரு அமெரிக்கர்கள் (இவர் பாரெஸ்ட் கெண்டல், தைராக்சினைப் பிரித்தவர் வேறொருவர்) கொலஸ்ட்ராலோடு தயோயுராசில் என்ற மருந்தையும் கொடுத்தார்கள். தைராய்டின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. அதன்பிறகுதான் நாயின் கொலஸ்ட்ரால் உயர்ந்தது, நாளங்கள் தடித்தன. உணவில் வரும் கொழுப்பைத் தாங்கி ஒழிக்கும் ஆற்றல் உடலுக்கு இருக்கிறது, அந்த ஆற்றலைத் தைராய்டு காக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் அறியேன்.

இனி மீண்டும் நம் மலையடிவாரத்துக்கு வருவோம். கீரிப்பாறைத் தோட்டம் இன்று தமிழ்நாட்டு அரசின் ரப்பர்க் கழகத்தைச் சேர்ந்தது. 1964-ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்படிக்கைக்குப்பின் தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் பல இக்கழகத்தின் தோட்டங்களில் வேலை பெற்றன. தைராய்டு என்றதும் இப்பகுதியில் ஒரு பேச்சு எழும்: 'மரச்சீனிக் கிழங்கு தின்பதால்தான்.' இப்பேச்சில் உண்மை எவ்வளவு?

மரச்சீனி தென்னமெரிக்கச் செடி. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்புவதில் பேரார்வம் காட்டினார். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, அப்போது திருவிதாங்கூரின் பகுதியாயிருந்த இந்நாட்டில் ஏழைகளின் வயிற்றைக் காத்தது இக்கிழங்கே. இதில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. அதிலிருந்து சயனைடு பிறக்கும். உடல் அதைத் தயோசயனேட் என்ற தீங்கு குறைந்த பொருளாக மாற்றிவிடும். ஆனால் இந்தத் தயோசயனேட் அயோடினைப்போலவே நடித்து, தைராய்டின் வாசலில் அதற்குமுன் இடம்பிடித்துக்கொள்ளும். ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில், அயோடின் மிகக் குறைந்த பகுதிகளில், இக்கிழங்கே பெருவுணவான மக்களிடையே கழுத்துக் கழலை மிகுந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஆராய்ந்து கண்டார்கள்.

ஆனால் நம்மவர் கிழங்கை எப்படி உண்கிறார்கள்? நறுக்கி, வேகவைத்து, அந்த நீரை வடித்து ஊற்றிவிடுகிறார்கள். நஞ்சில் பெரும்பகுதி அதோடு போய்விடுகிறது. பிறகு கிழங்குக்குத் துணையாகச் சாளை மீன் குழம்பு. கடல்மீன் அயோடினைத் தருகிறது. சயனைடை அடக்க உடல் நாடும் கந்தகமுள்ள புரதத்தையும் தருகிறது. வேதியியல் அறியாத பாட்டி ஒருத்தி இந்த இணையைக் கண்டுபிடித்திருக்கிறாள். அயோடின் போதிய அளவு கிடைக்கும்போது, இவ்வாறு சமைத்த கிழங்கின்மேல் பழி சுமத்துவது நியாயமன்று என்பது என் கருத்து.

உப்பைப் பற்றி ஒரு மயக்கம் உண்டு. கடலோரத்தில் வாழ்கிறோம், புத்தளம் சுவாமித்தோப்புப் பக்கத்து உப்பளங்களில் கடலுப்பு விளைகிறது, நமக்கு அயோடினுக்கு என்ன குறை என்று கேட்போர் பலர். கணக்குப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அயோடின் 60 மைக்ரோகிராம் அளவே. ஆகவே அந்த அயோடின் முழுவதும் உப்பிலேயே தங்கினாலும் 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம்தான் இருக்கும். உண்மையில் அதிலும் பெரும்பகுதி, உப்பை வாரியபின் எஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியதோ 150 மைக்ரோகிராம், கருவுற்றவருக்கு 250. மீன் வேண்டிய அளவு அயோடினைத் தரலாம். வெறும் கடலுப்பு தராது. அயோடின் சேர்த்த உப்பில் நுகர்வோர் கைக்கு வரும்போது கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது இருக்கவேண்டும் என்பது விதி. பத்தால் பெருக்கிப் பாருங்கள். விதி எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

அந்த விதிக்குப் பின்னால் ஓர் இந்திய ஆராய்ச்சி இருக்கிறது. 1956-இல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில், ஸ்ரீகாகுளத்தில் பிறந்த மருத்துவப் பேரறிஞர் வி. ராமலிங்கஸ்வாமியும் அவர் குழுவினரும், சில பகுதி மக்களுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கிப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். அயோடின் உப்பு உண்ட குழந்தைகளிடம் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது.

ஆயினும் அயோடின் உப்பு பரவிய இந்நாளிலும் தைராய்டுச் சோர்வு நம்மிடையே மிகுதியாகவே காணப்படுகிறது. 2013-இல் வெளியான ஆய்வொன்றில், இந்தியாவின் எட்டு நகரங்களில் 5,000-க்கு மேற்பட்ட வளர்ந்தோரைச் சோதித்ததில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்கு அது இருந்தது. காரணம் பெரும்பாலும் வேறு. உடலின் காவற்படை தன் சொந்தச் சுரப்பியையே பகையென்று மயங்கித் தாக்குகிறது. 1912-இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்த நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பன்மடங்கு மிகுதியாக வருகிறது, குடும்பவழியில் தொடர்கிறது, மகப்பேற்றுக்குப் பின்னரும் நடுவயதிலும் தலைகாட்டுகிறது. இதற்குக் கிழங்கும் பொறுப்பன்று, சோம்பலும் பொறுப்பன்று.

எல்லைகளையும் சொல்லிவிடவேண்டும். கொலஸ்ட்ரால் உயர்ந்த எல்லோருக்கும் தைராய்டு சோர்ந்திருக்கும் என்பதில்லை; நூற்றில் சிலருக்கே அது காரணம். மரபு, நீரிழிவு, சிறுநீரக நோய், உணவு என்று காரணங்கள் பல. தேங்காயெண்ணெயில் நிறைந்துள்ள கொழுப்பு எல்.டி.எல்.-ஐ உயர்த்தும் என்பதும் உண்மையே; தைராய்டைக் காட்டி அதற்கு நற்சான்று வாங்கிவிட முடியாது. ஆனால் அந்தச் சிலர் யார் என்று ஓர் எளிய இரத்தச் சோதனையால் தெரிந்துகொள்ள முடியும்போது, தெரிந்துகொள்ளாமல் ஆயுள் முழுவதும் வேறு மருந்து கொடுப்பது தவறு. ஸ்டாட்டின் என்னும் கொலஸ்ட்ரால் மருந்தைத் தொடங்குமுன் டி.எஸ்.எச். பார்க்கவேண்டும் என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. தைராய்டுச் சோர்வு தானே தசைகளை நலியச் செய்யும். அதன்மேல் ஸ்டாட்டினும் சேர்ந்தால் தசை வலியும் தசைச் சிதைவும் நேரும் வாய்ப்பு கூடுகிறது. நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றவேண்டிய காலுக்கு அது எத்தகைய தண்டனை!

டி.எஸ்.எச். சற்றே உயர்ந்து, தைராக்சின் சரியாகவே இருக்கும் இடைநிலை ஒன்று உண்டு. அந்நிலையில் கொலஸ்ட்ரால் ஏற்றமும் சிறிது. மருந்தால் கிடைக்கும் இறக்கமும் சிறிது. டி.எஸ்.எச். 10-க்கு மேற்பட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் மருந்து தருவார்கள். அதற்குக் கீழே, வயது, கருவுற்ற நிலை, இதயநிலை ஆகியவற்றை ஆராய்ந்து முடிவு செய்வார்கள். இதில் மருத்துவரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

தைராய்டு ஹார்மோன் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்றால், தைராய்டு நலமாக உள்ளவருக்கும் அதைக் கொடுத்துக் கொலஸ்ட்ராலைக் குறைக்கலாகாதா? இந்த ஆசை முன்பே ஒருமுறை எழுந்தது. தைராக்சினின் மாற்றுருவமான டெக்ஸ்ட்ரோதைராக்சின் என்ற மருந்தை, மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களுக்கு அமெரிக்காவில் ஒரு பெரும் ஆராய்ச்சியில் கொடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் குறைந்தது, ஆனால் இறப்புக் கூடியது. 1970-களின் தொடக்கத்தில் அப்பகுதி ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள். ஹார்மோன் கல்லீரலுக்கு மட்டும் செல்வதில்லை. இதயத்துக்கும் சென்று அதை விரட்டுகிறது. இளைப்பதற்காகத் தைராய்டு மாத்திரையை விழுங்குவோர் செய்வதும் இதே ஆபத்தான சோதனைதான். பின்வந்த அறிஞர்கள், கல்லீரலில் மிகுந்திருக்கும் ஒருவகைத் தைராய்டு ஏற்பி வேறு, இதயத்தில் மிகுந்திருக்கும் வகை வேறு என்று பிரித்தறிந்தனர். கல்லீரல் வகையை மட்டும் நாடிச்செல்லும் ரெஸ்மெட்டிரோம் என்ற மருந்துக்கு 2024-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து தழும்பேறும் நோய்க்காக. அது எல்.டி.எல்.-ஐயும் குறைக்கிறது.

நம் கதைப் பெண்ணுக்கு இத்தகைய புதுமை ஒன்றும் வேண்டியதில்லை. அவளுக்குக் குறைந்திருப்பதைத் திரும்பக் கொடுத்தால் போதும். லெவோதைராக்சின் என்ற சிறு மாத்திரை, விலை மலிவு, மைக்ரோகிராம் கணக்கில் அளவு. இதய நோய் உள்ளவருக்கும் முதியவருக்கும் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துவார்கள். மற்ற எல்லாரும் நாள்தோறும் தாமே செய்துகொள்வதை அவள் வெளியிலிருந்து பெறுகிறாள். ஆகவே பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அதை உட்கொள்ளவேண்டியிருக்கும். உடல் தேறியதும் நிறுத்திவிட்டால் சில வாரங்களில் பழைய வரிசை மீண்டும் நீளும்.

ஒரு சிறு செய்தி. இம்மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கவேண்டும். அதன்பின் அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை தேநீரோ காப்பியோ உணவோ கூடாது. இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிப்போடவேண்டும். இல்லையேல் குடல் மருந்தைச் சரிவர ஏற்காது. ஆனால் தோட்டத்திற்குச் செல்பவர், எழுந்ததும் கட்டன் சாயா ஒரு குவளை குடிக்காமல் இருளில் இறங்குவாரா? ஆகவே படுக்கையருகிலேயே மாத்திரையையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு, கண் விழித்தவுடன் விழுங்கிவிட்டு, பின்னர் முகம் கழுவி அடுப்பு மூட்டி, விளக்கையும் கத்தியையும் எடுத்து ஆயத்தம் செய்தால், சாயா கொதிக்கும் நேரத்துக்குள் வேண்டிய இடைவெளி பெரும்பாலும் கடந்துவிடும். அது இயலாதவர், இரவு உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்து உறங்கப்போகுமுன் விழுங்கலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச்.-ஐ மறுபடி அளந்து மருந்தின் அளவைத் திருத்துவார்கள். அது சரியான நிலைக்கு வந்தபின்தான் கொலஸ்ட்ராலை மீண்டும் சோதிக்கவேண்டும். அதற்குமுன் வரும் எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்யலாகாது. அப்போதும் எல்.டி.எல். உயர்ந்தே இருந்தால், தேங்காயைப் பற்றியும் ஸ்டாட்டினைப் பற்றியும் அவளிடம் பேசலாம்.